தீக்குப் பிறகும் துளிர்க்கும் மரம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதே. உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? இங்கே கலிஃபோர்னியாவில், சான் ஹோசே நகரத்தில் மகள் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். பேரன் தமிழில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டான்.

கோடையில் மழையே இல்லாத சீமையில் முந்நூறடி ரெட்வுட் மரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தாய். ஓய்வு பெற்றும் தாவரவியல் வாத்தியார் உன்னை விட்டுப் போகவில்லை! பாதிப் பதில் பனிமூட்டம். பசிபிக் கடலின் குளிர்ந்த நீர்மேல் உருவாகும் மூட்டம் கோடை முழுக்கக் கரையேறி வந்து மலைச்சரிவில் கவிகிறது. இலைகளில் அது படிந்து துளியாகிச் சொட்டுகிறது. சாந்தா குரூஸ் மலையில் ஒரு காலை நேரம் மரத்தடியில் நின்றேன், சட்டைத் தோள் நனைந்துவிட்டது. பத்தடி தள்ளி, தார்ச்சாலை காய்ந்து கிடக்கிறது. வட கலிஃபோர்னியாவில் அளந்து பார்த்தவர்கள், அந்தக் காட்டுக்கு ஆண்டு முழுக்கச் சேரும் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூட்டத்திலிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். இலையே நேராகவும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் இந்த மரம் வடக்கே ஓரிகன் மாநிலத்தின் தென்கோடியிலிருந்து தெற்கே கலிஃபோர்னியாவின் பிக் சர் வரை, கடலோரமாகச் சுமார் 750 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய பட்டையை விட்டு வெளியே இயற்கையாக வளர்வதில்லை.

உயரத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். 2006இல் கண்டுபிடித்த ஹைப்பீரியன் என்கிற ரெட்வுட் 115 மீட்டருக்கும் மேல். போகட்டும். எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் அடிமரம்.

பிக் பேசின் என்று ஒரு பூங்கா, 1902இல் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களிலேயே பழையது. 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து மூண்ட தீயில் கிட்டத்தட்ட முழுக்க எரிந்தது. அலுவலகக் கட்டடம்கூடத் தப்பவில்லை. இப்போது போய்ப் பார்த்தால் அடிமுதல் உச்சிவரை கரிபிடித்த தண்டுகள். அந்தக் கரியைக் கிழித்துக்கொண்டு, கிளைகூட இல்லாமல் தண்டிலேயே பச்சைக் குருத்துகள். பட்டையை விரலால் அழுத்தினேன், நார் நாராக உள்ளே அமுங்கியது, விரலெல்லாம் கரி. முதிர்ந்த மரத்தில் ஓரடி கனம் வரை பட்டை இருக்குமாம். தீயைப் பரப்பும் பிசின் அதில் இல்லை, டானின் என்கிற துவர்ப்புச் சத்து நிறைய. அந்தக் குருத்துகளை ஆராய்ந்தவர்கள் 2023இல் சொன்னதுதான் அதிசயம்: மரம் ஐம்பது ஆண்டுகளுக்கும் முன்னால் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எடுத்துச் செலவழித்திருக்கிறது. நம் ஓய்வூதியக்காரர்கள் யாருக்காவது இந்தச் சாமர்த்தியம் உண்டா?

விதையை நம்பி வாழும் மரமும் இல்லை இது. கூம்பு காய்ந்த சிறுநெல்லி அளவுதான். விதை விழுந்தாலும் பெரும்பாலும் முளைப்பதில்லை. ஆனால் தாய்மரம் சாய்ந்தாலோ வெட்டுப்பட்டாலோ அடிக்கட்டையைச் சுற்றி வட்டமாகப் பிள்ளைகள் எழும். தங்கம் தேடிக் கூட்டம் இங்கே குவிந்த 1849க்குப் பிறகு கோடாலி போகாத இடமில்லை. 1906 நிலநடுக்கத்தில் பாழான சான்பிரான்சிஸ்கோவைத் திரும்பக் கட்டவும் இந்த மரம்தான். பழங்காட்டில் இன்று மிஞ்சியது நூற்றுக்கு ஐந்து பங்கு. வெட்டிய இடங்களில் எல்லாம் இன்று வட்ட வட்டமாக மரங்கள் நிற்பதைப் பார்த்து, காடு பிழைத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய மரத்தின் கிளைக்கவட்டில் நூற்றாண்டுகளாக மண் சேர்ந்து, அங்கே பெரணி வளர்ந்து, அந்தப் பெரணிப் பாயில் பல்லி போலிருக்கும் சாலமாண்டர் குடியிருக்கிறது. கீழே இறங்காமலே காலம் தள்ளக்கூடிய பிராணி. கடலில் மீன் பிடிக்கும் மர்ரலெட் என்கிற பறவையும் முட்டையிட இப்படிப்பட்ட முதிய கிளையைத்தான் தேடி வரும். நூறு வயதுக் கன்றுகளுக்கு அந்த அகலக் கிளை ஏது?

அப்புறம் ஒரு கேள்வி. வளையத்தை எண்ணி இரண்டாயிரம் வயது என்கிறார்கள். தண்டுக்கு அது சரி. ஆனால் அந்தத் தண்டே முந்தைய கட்டையிலிருந்து எழுந்த பிள்ளையாக இருந்தால், அந்த வேருக்கு வயது எப்படிச் சொல்வது? நீ பாடம் எடுத்தவன், யோசித்து எழுது.

சியர்ரா மலையில் இதன் பருத்த உறவுக்காரர் இருக்கிறார், ஜயண்ட் செக்கோயா. குளிர்காலத்து உறைபனி உருகிச் சாலை திறந்ததும் அழைத்துப் போவதாக மருமகன் சொல்லியிருக்கிறார். பார்த்தால் எழுதுகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு