ஞாயிறு கூட்டம்: பிள்ளைகளோடு வாருங்கள்

தூத்தூர் கால்பந்துப் பயிற்சிப் பெற்றோருக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு (18-ம் தேதி) மாலை 4.30, வழக்கமான மைதானம். கால்பந்து வீரர் ஐ.எம். விஜயனைப் பற்றிப் பேசப்போகிறோம். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன், இந்திய அணிக்கே கேப்டனானார். ஆடி ஓய்ந்த பிறகு கேரள போலீஸ் வேலைக்குத் திரும்பினார். தமிழ் சினிமாவில் வில்லனாகவும் வந்தார். 2025-ல் பத்மஸ்ரீ. (அந்த வேலை விஷயம்தான் நமக்கு முக்கியம். "பந்து சோறு போடுமா?" என்று கேட்காத வீடு எது?)

1. 4.15-க்கே வந்துவிடுங்கள்.
2. அப்பா கடலுக்குப் போயிருந்தால் வீட்டிலிருந்து வேறு யாராவது வரவும்.
3. பிள்ளைகள் பூட்ஸோடு வரட்டும். அப்புறம் சின்ன மேட்ச் உண்டு.

எத்தனை பேர் என்று வெள்ளி இரவுக்குள் இங்கே எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் டீக்கணக்கு தெரியாது.