டிசி போடுகிறவரையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் சொதப்பினால் அதை எழுதியவர்களின் திறமைக்குறைவுதான் காரணம் என்று பலரும் பேசுகிறார்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சரக்குக் கணக்கு பார்க்கிறவன் நான். எங்களுக்கு மென்பொருள் செய்துகொடுத்த பையன்கள் கெட்டிக்காரர்கள்தான். அவர்கள் யாரிடம் பேசினார்கள், யாரிடம் பேசவில்லை என்பதில்தான் கோளாறு.

முதலாளி கேட்டது மாலையில் செல்போனுக்கு ஒரு ரிப்போர்ட். மேனேஜருக்கு ஷிப்மென்ட் தேதி தெரிந்தால் போதும். இரண்டையும் மார்க்கெட்டிங் ஆள் ஒருவர் குறித்துக்கொண்டு போனார். புரோகிராம் எழுதியவர்கள் எங்கள் கம்பெனி வாசலை மிதித்ததே இல்லை. துணி சாயத்துக்குப் போகும்போது டிசி, அதாவது சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான், போடும் பெண்ணிடமோ கட்டிங் மாஸ்டரிடமோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்கள்: 100 கிலோ துணி சாயப்பட்டறைக்குப் போனால் 100 கிலோவாகத் திரும்பாது. ப்ளீச்சிங்கில் கொஞ்சம் போகும், துணியைப் பொறுத்தும் நிறத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். மழைக்காலத்தில் பருத்தி ஈரத்தை இழுத்துக்கொண்டு எடை கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. பிராசஸ் லாஸ் என்பது இந்த ஊரில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை. அனுப்பிய எடையும் வந்த எடையும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு எழுத்தில் மறித்து நின்றது. வண்டி வாசலில் நிற்கும்போது கம்ப்யூட்டரோடு யார் மல்லுக்கட்டுவது? எதைப் போட்டால் அது ஏற்குமோ அதைப் போட்டார்கள். அப்புறம் ஸ்டாக் எடுத்தபோது, கணக்கில் இருக்கிற துணி குடோனில் இல்லை. எல்லோரும் டிசி போட்ட பெண்ணைத்தான் பார்த்தார்கள்.

மாற்றித் தரச் சொன்னால், "நீங்கள் கையெழுத்துப் போட்ட பட்டியலில் இது இல்லை, தனியாகச் செலவாகும்" என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் எடை மேடைப் பக்கம் வந்து வருஷக்கணக்காகிறது.

இங்கே வசவோடு போயிற்று. பிரிட்டனில் அஞ்சல் நிலையங்களுக்கு வந்த ஹொரைசன் மென்பொருள், இல்லாத பணக்குறைவைக் காட்டியது. உதவி எண்ணுக்கு அழைத்த அஞ்சல் நிலையப் பொறுப்பாளர்கள் பலரிடம், உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்றே சொன்னார்கள். 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தீர்ப்புகளில் பெரும்பாலானவற்றை 2024-இல் தனிச் சட்டம் போட்டுத்தான் ரத்துசெய்ய முடிந்தது. கவுன்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னதை ஆரம்பத்திலேயே காதில் வாங்கியிருந்தால் இத்தனை தூரம் போயிருக்குமா?

எனவே கம்பெனியோ அரசுத் துறையோ, மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்க்க வேண்டும். தினமும் அதில் பதிவு போடப்போகிறவர் ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்திட்ட பிறகே கடைசித் தவணை. புரோகிராம் எழுதுகிறவர் ஒரு ஷிஃப்டாவது எங்கள் டிசி மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

எங்கள் முதலாளி இதற்குச் சம்மதித்துவிட்டார். அந்த ஒரு ஷிஃப்டுக்கு யார் பில் கட்டுவது என்று மென்பொருள்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனி கணக்கர் ஒருவர்,
திருப்பூர்.