கோண்டோர் மறுத்த மகள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல், கொஞ்சம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததும் பாதியில் நிறுத்திவிடப் போகிறார்.

சரி, உன் மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் கோண்டோர் நாட்டை மன்னருக்குப் பதிலாகத் தலைமுறை தலைமுறையாக ஆண்ட பிரதானிகள் ஏன் தாங்களே முடிசூடிக்கொள்ளவில்லை, காட்டிலும் மேட்டிலும் திரிந்த அரகோர்னுக்கு ஏன் அந்த முடி போக வேண்டும் என்று கேட்டாளாமே. நல்ல கேள்வி. பதில் டோல்கின் கடைசியில் சேர்த்திருக்கும் பின்னிணைப்பில் இருக்கிறது. கதை முடிந்துவிட்டது என்று நிறைய பேர் அதைப் புரட்டுவதே இல்லை, எனக்கோ மொத்தப் புத்தகத்திலும் அந்தப் பக்கங்கள்தான் உயிர்.

மூன்றாம் யுகம் 1944-ல் கோண்டோர் மன்னன் ஒண்டோஹெர் போரில் விழுந்தான், அவனுடைய இரண்டு மகன்களும் அதே போரில் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே மகள், ஃபீரியல். அவளை நான்கு வருஷத்துக்கு முன்பே வடக்கு அரசின் இளவரசன் ஆர்வெதுய்க்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு அரசுகளையும் நிறுவிய எலெண்டிலின் மூத்த மகன் இசில்தூர், அவருடைய நேர் வாரிசுதான் ஆர்வெதுய். என் முன்னோர் வழியாகவும் என் மனைவி வழியாகவும் கோண்டோர் அரியணை எனக்கு வர வேண்டும் என்று அவன் கேட்டு அனுப்பினான். பெலெண்டூர் என்ற பிரதானியின் தலைமையில் சபை கூடி முடியாது என்றது. இந்த அரசை இசில்தூர் தன் தம்பி அனாரியனின் மகன் மெனெல்திலுக்கு விட்டுக் கொடுத்துவிட்டார், அந்த வம்சத்துக்குத்தான் உரிமை, அதுவும் மகன்கள் வழியாக மட்டும்தான் என்பது அவர்கள் வாதம்.

ஆர்வெதுய் சும்மா இருக்கவில்லை. எலெண்டில் இரண்டு நாட்டுக்கும் சேர்த்துத்தான் பேரரசர், மூத்த மகன் இசில்தூர் எதையும் துறக்கவில்லை என்றான். அதைவிட முக்கியமாக, நம் மூதாதையர் நாடான நூமெனோரில் ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்குத்தான் செங்கோல், அதுதான் நம் பழைய சட்டம் என்று எடுத்துக் காட்டினான். அவன் சொன்னது நிஜம். தார்-அல்தாரியன் தன் ஒரே மகளுக்காக மாற்றிய சட்டம் அது, அந்த மகள் தார்-அன்கலிமே இரண்டாம் யுகம் 1075-ல் அரசியாகி ஆண்டிருக்கிறாள், பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் ஆண்டிருக்கிறார்கள். இந்த வாதத்துக்குக் கோண்டோர் பதிலே அனுப்பவில்லை! தவறு என்று மறுத்தால்கூட மனசு ஆறும், வாயே திறக்காமல் இருந்துவிட்டார்கள் பாருடி, அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். ஃபீரியலின் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட நமக்குக் கிடைக்கவில்லை என்பதும் சேர்ந்துகொள்ளும்.

சபைக்கும் காரணம் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். எதிரி வாசல் வரைக்கும் வந்து போயிருக்கிறான், அவனை விரட்டி அடித்த தளபதி எயார்னில் அரச வம்சத்துப் பிள்ளை, கண்ணெதிரே நிற்கிறான். அவனுக்கே அடுத்த வருஷம் முடிசூட்டினார்கள். அவன் நல்லவன், வடக்குக்கு உதவி அனுப்புவேன் என்று ஆர்வெதுய்க்கு வாக்குக் கொடுத்து, சொன்னபடி மகன் தலைமையில் கப்பற்படையும் அனுப்பினான். அதற்குள் வடக்கு அரசு எதிரி கையில் விழுந்து, தப்பி ஓடிய ஆர்வெதுய் பனிக்கடலில் மூழ்கிவிட்டான். அடைக்கலம் கொடுத்த பனிநாட்டுக்காரர்கள், உன்னை அழைத்துப் போக வந்த இந்தக் கப்பலில் ஏறாதே, கோடை வரும்வரை பொறுத்திரு என்று எவ்வளவோ சொன்னார்கள். நன்றிக்கு அவர்கள் தலைவன் கையில் தன் வம்ச மோதிரத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான், புயலில் பனிக்கட்டி கப்பலை நொறுக்கிவிட்டது.

மகன்கள் வழி மட்டும் என்று பிடிவாதம் பிடித்த கோண்டோருக்கு அந்த மகன் வழி எத்தனை தலைமுறை வந்தது தெரியுமா? ஒன்றே ஒன்று. எயார்னிலின் மகன் எயார்னூர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, சண்டை ஒன்றுதான் அவனுக்கு உலகம். மினாஸ் மோர்குல் கோட்டையைப் பிடித்து வைத்திருந்த எதிரி, மந்திர அரசன், ஒற்றைக்கு ஒற்றை வா என்று கூப்பிட்டபோது முதல் தடவை பிரதானி மார்தில் தடுத்துவிட்டான், 2050-ல் மறுபடி கூப்பிட்டபோது கொஞ்சம் வீரர்களோடு மினாஸ் மோர்குல் வாசலுக்குப் போனவன் திரும்பவே இல்லை. செத்தானா உயிரோடு பிடிபட்டானா என்றுகூட யாருக்கும் தெரியாது. அடுத்து யார் என்று வந்தபோது எல்லோரும் ஏற்கும் வாரிசு கிடைக்கவில்லை, பழைய உள்நாட்டுப் போரின் பயமும் போகவில்லை. அதனால் ‘மன்னர் திரும்பும் வரை’ என்று சத்தியம் செய்து மார்தில் பொறுப்பு ஏற்றான். அப்படியே 969 வருஷம் ஓடிவிட்டது. அரியணை மேலே காலியாக இருக்கும், கீழ்ப்படியில் ஒரு சாதாரணக் கருங்கல் நாற்காலி, பிரதானி கையில் வெள்ளைக் கோலோடு அதில்தான் உட்கார வேண்டும். உன் மகளுக்கு இதுதான் பதில், அவர்கள் ஆண்டதே இந்தச் சத்தியத்தின் பேரில்தான். ஆயிரம் வருஷம் ஆனாலும் அதை மீறி மேலே ஏறினால் அவர்கள் யார்?

இன்னொன்றையும் அவளிடம் சொல். அந்த உள்நாட்டுப் போர் எதனால் வந்தது? மன்னன் வலகார் விதுமாவி என்ற வடநாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டான், அவள் வயிற்றில் பிறந்த எல்தகார் கலப்பு ரத்தம் என்று சொல்லி 1437-ல் கஸ்தமீர் அரியணையைப் பிடுங்கினான், தலைநகர் ஓஸ்கிலியாத்தே எரிந்தது. பத்து வருஷம் கழித்து எல்தகார் படையோடு வந்து கஸ்தமீரைத் தன் கையாலேயே கொன்று நாட்டை மீட்டான். அதாவது, தாயின் ரத்தம் ஒரு மன்னனைத் தள்ளும் அளவுக்குக் கனமானது என்று நாட்டையே எரித்தவர்கள் இருந்த அதே நாட்டில், ஐந்நூறு வருஷம் கழித்து மகளின் ரத்தத்துக்கு எடையே கிடையாது என்று தீர்ப்பு.

இதைக் கோத்துப் பார்த்தபோதுதான் எனக்குச் சிலிர்த்தது. ஆர்வெதுய்க்கும் ஃபீரியலுக்கும் பிறந்த வழியில்தான் அரகோர்ன் வருகிறான். இசில்தூர் வழி என்று எல்லோரும் அவனைக் கொண்டாடுகிறார்கள், ஆனால் கோண்டோரின் சொந்த மன்னர் வம்சம், அனாரியனின் வம்சம், அவன் உடம்பில் ஓடுவது ஃபீரியலால். அவள் எல்தகாரின் வழி என்பதால் விதுமாவியின் ரத்தமும் அவனிடம் இருக்கிறது! கோண்டோர் வேண்டாம் என்ற இரண்டு பெண்களையும் சுமந்துகொண்டுதான் அவன் அந்த வாசலுக்கு வந்து நிற்கிறான்.

அரகோர்ன் வந்த காலத்தில் பிரதானியாக இருந்த தெனெத்தோர் கடைசிவரை பெலெண்டூர் சொன்னதையேதான் சொன்னான், இசில்தூர் வழியில் வந்த ஒருவனுக்கு நான் வணங்க மாட்டேன் என்றான். அவன் மகன் ஃபராமிர் அந்த வழக்கைத் திரும்ப எடுக்கவே இல்லை. 3019 மே 1 அன்று நகர வாசலில் வெள்ளைக் கோலை நீட்டிப் பதவியை ஒப்படைத்தான். பிறகு கூடியிருந்த ஜனங்களைப் பார்த்து, இவர் மன்னராகி நகருக்குள் வரலாமா என்று கேட்டான், எல்லோரும் ஒரே குரலில் சரி என்றார்கள். 1944-ல் யாரும் ஜனங்களைக் கேட்டிருக்கவில்லை, சபைதான் முடிவு செய்தது. அந்தப் பெலெண்டூரின் குடும்பத்துப் பிள்ளையே இப்படிக் கேட்டான் என்பதால்தான் அந்தப் புத்தகத்தில் எனக்கு ஃபராமிர்மேல் அவ்வளவு பிரியம்.

அப்புறம், எனக்கு இங்கே புது மேலாளர் வந்திருக்கிறார், பரவாயில்லை, தன்மையான ஆள். மூட்டு வலி மழைக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு நாலு நாள் ஊரில் இருப்பேன், நீயும் வந்தால் உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா, நூமெனோர் அரசிகளைப் பற்றி அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும். தார்-மீரியலுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை, அதை நேரில் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி