ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை மாற்றி, எரிந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டீர்கள்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: ஹீட்டர் ஃபேன் பழுதைத் தவறாகக் கணித்து மோட்டார் மாற்றியது, பணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா,

கார் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இந்தப் பழுது வரும்வரை உங்கள் கோவை சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் விட்டதில்லை. போன மாதம் ஹீட்டர் ஃபேன் 1, 2, 3 ஆகிய மூன்று வேகங்களிலும் ஒரே நாளில் நின்றுபோனது. அதிகபட்ச வேகமான 4-இல் மட்டும் ஓடியது.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். நான் மாதம் இரண்டு முறை அம்மாவைக் கண் சிகிச்சைக்குக் கோவை அழைத்துப் போகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் அரவேணு தாண்டியும் மூடுபனி விலகாது. ஃபேனை 4-இல் வைத்தால் அந்த இரைச்சலில் பின்னால் வரும் லாரியின் ஹாரன்கூடக் கேட்பதில்லை. கண் ஆபரேஷன் செய்த அம்மாவுக்கோ அந்தச் சூட்டுக் காற்று ஆகாது. நிறுத்தினால் இரண்டு வளைவு திரும்புவதற்குள் கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிடுகிறது. ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் துணி என்று கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியிருக்கிறேன்.

உங்கள் அட்வைசரிடம் "4-இல் ஓடுகிறது, மற்றதில் ஓடவில்லை" என்று தெளிவாகச் சொன்னேன். பழுதைக் குறித்து வைக்கும் ஜாப் கார்டில் அவர் எழுதியது "ஃபேன் வேலை செய்யவில்லை" என்று. மோட்டாரை மாற்றி, கூலியோடு 7,050 ரூபாய் வாங்கினார்கள். வண்டியைக் கொடுக்கும்போது 4-இல் போட்டுக் காட்டினார்கள். சரி, வேலை முடிந்தது என்று நானும் நம்பினேன். மாலையில் மலை ஏறி, குஞ்சப்பனையில் குளிர் தெரிந்ததும் 2-இல் வைத்தேன். காற்றே வரவில்லை. மறுநாள் போன் செய்து பழைய மோட்டாரைக் கேட்டேன். "ஸ்கிராப்பில் போட்டாச்சு சார்" என்றார்கள்.

அப்புறம் இங்கேயே ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். கிளவ் பாக்ஸைக் கழற்றி, இரண்டு ஸ்க்ரூவை எடுத்து, ஒரு சின்னத் துண்டை என் கையில் வைத்தார். அதுதான் ரெசிஸ்டர், கரண்டைக் குறைத்து ஃபேன் வேகத்தைக் குறைக்கும் பாகம். கம்பிச் சுருளின் ஓரத்தில் இருந்த ஃப்யூஸ் கருகியிருந்தது, கனெக்டரின் ஒரு மூலை பழுப்பேறி உருகியிருந்தது. குறைந்த வேகம் மூன்றுக்கும் கரண்ட் இதன் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. 4-இல் நேராகப் போய்விடுகிறது. அதனால்தான் மூன்றும் சேர்ந்தாற்போல் போயின. 4-இல் மோட்டார் ஓடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதானே? பயிற்சி பெற்ற உங்கள் ஆட்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மோட்டார் இறுகி அதிகக் கரண்ட் இழுத்தாலும் ரெசிஸ்டர் எரியும் என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மைதான். அப்படியென்றால் ரெசிஸ்டரையும் சேர்த்தல்லவா மாற்றியிருக்க வேண்டும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ரெசிஸ்டர் ஃபேன் காற்றிலேயே சூடு ஆறும்படி குழாய்க்குள் வைக்கப்பட்டிருக்கிறது. காற்று குறைந்தால் அது சுடும். அந்தக் காற்று போகும் வழியில் இருக்கும் ஏசி ஃபில்டரை எலக்ட்ரீஷியன் உருவியபோது, காய்ந்த சில்வர் ஓக் இலைகளும் தூசியும் ஒரு கைப்பிடிக்கு மேல் கொட்டின. உங்கள் பில்லில் "ஏசி ஃபில்டர் சுத்தம்" என்று தனியாக 250 ரூபாய் போட்டிருக்கிறது. எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் வலிக்கிறது.

புது ரெசிஸ்டரும் கனெக்டரும் கூலியோடு 1,100 ரூபாய் ஆயின. முக்கால் மணி நேர வேலை. இப்போது நான்கு வேகமும் ஓடுகிறது.

தேவையில்லாமல் மாற்றிய மோட்டாருக்கும், செய்யாத ஃபில்டர் வேலைக்கும் சேர்த்து 7,300 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். மோட்டாரை மாற்றியே ஆக வேண்டியிருந்தது என்றால், அதைச் சோதித்த விவரத்தை எழுத்தில் தாருங்கள். ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்னதைச் சொன்னபடியே எழுதவும் உங்கள் ஆட்களுக்கு உத்தரவிடுங்கள்.

15 நாளில் பதில் இல்லையென்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு பில்களின் நகலையும், எரிந்த ரெசிஸ்டர், ஃபில்டர் ஆகியவற்றின் படங்களையும் இணைத்துள்ளேன். அந்த ரெசிஸ்டர் என்னிடம்தான் இருக்கிறது, கேட்டால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
கோத்தகிரி