வால் தரையில் படாது

பினாங்கு
செப்டம்பர் 14

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் வீட்டிலுள்ளோரும் நலமென்று நம்புகிறேன். அம்மாவின் பதினாறாம் நாளுக்கு நீ கோலாலம்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து, சாப்பிட்ட கையோடு திரும்பிப் போனாய். அதற்கு நன்றி சொல்லி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஏழு மாதமாகிறது. தொலைபேசியில் பேசியதெல்லாம் கணக்கில் சேராது என்பது நீ போட்ட சட்டம், ஆகவே குற்றம் என்னுடையதுதான். முட்டி வலி அப்படியே இருக்கிறது. சர்க்கரை சற்று இறங்கியிருக்கிறது. மகள் வேலை மாற்றலாகிப் பட்டர்வொர்த்துக்கே வந்துவிட்டதால் பள்ளி விட்ட பிறகு பேத்தி என் பொறுப்பு. செய்திகள் இவ்வளவே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளி நூலகத்தில் இருந்த அந்தப் பெரிய டைனோசர் புத்தகம் எனக்குக் கிடைத்துவிட்டது. அதே பிரதி அல்ல, அதே புத்தகம். சௌராஸ்தா சந்தையின் மாடியில், பழைய பாடநூல்களும் சமையல் புத்தகங்களும் அடுக்கியிருந்த ஒரு கடையில், அடியிலிருந்து மூன்றாவதாகக் கிடந்தது. கடைக்காரர் 60 வெள்ளி கேட்டார், 45க்குப் பேசி வாங்கினேன். முதுகுத் துணி பிரிந்து தொங்குகிறது, ஓரங்களில் பூஞ்சை, யாரோ ஒரு குழந்தை ஸ்டெகோசாரஸின் முதுகுத் தகடுகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறது. நான் தேடிப் போனேன் என்பதைக் குறித்துக்கொள், தற்செயலாகக் கிடைத்ததன்று. ஏன் தேடினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் படங்களை வரைந்தவர் ருடால்ஃப் சாலிங்கர் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அந்த வயதில் நாம் ஓவியர் பெயரை எங்கே பார்த்தோம்? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பீபடி அருங்காட்சியகச் சுவரில் 110 அடி நீளமும் 16 அடி உயரமுமாக ஓர் ஓவியத்தை 1943இல் தொடங்கி 1947இல் முடித்தவர் அவர். அந்தச் சுவரில் காலம் வலமிருந்து இடமாக ஓடுகிறது. வலக்கோடியில் பழைய காலம், நடந்து நடந்து இடக்கோடிக்கு வந்தால் டைரனோசாரஸ். அந்தச் சுவரோவியத்தால் பெயர் பெற்ற மனிதர்தான் 1960இல் கோல்டன் பிரஸ் வெளியிட்ட நம் டைனோசர் புத்தகத்துக்கும் படம் வரைந்திருக்கிறார். வழவழப்பான அந்தத் தாளையும், மூலையில் புகையும் எரிமலையையும், சதுப்பு நீரில் நின்று வாய் நிறையத் தழையோடு நம்மைத் திரும்பிப் பார்க்கும் பிரான்டோசாரஸையும் நீ மறந்திருக்க மாட்டாய். பிராந்தி சாரின் பட்டப்பெயருக்குக் காரணமான பிராணியை எப்படி மறப்பாய்? ஒரு சொட்டுகூடத் தொடாத அந்த மனிதர் வகுப்பில் அந்தப் பெயரை உரக்கப் படித்த பாவத்துக்கு ஆயுள் முழுவதும் அதைச் சுமக்கிறார். 1903லேயே அந்தப் பெயர் செல்லாது, அது அபடோசாரஸ்தான் என்று ஓர் ஆய்வாளர் தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். 2015இல் வேறொரு குழு எலும்புகளை அளந்து பார்த்து, இல்லை, அது தனி இனம்தான் என்று பெயரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. சாருக்கு மட்டும் அந்த இடைவெளிகூடக் கிடைக்கவில்லை.

புத்தகத்தை ஆசையாகப் பேத்தியிடம் காட்டினேன். ஏழு வயது. இரண்டு பக்கம் புரட்டினாள், டைரனோசாரஸின் மேல் விரலை வைத்தாள், "தாத்தா, இது தப்பு. வால் தரையில் படாது" என்றாள். எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்று முதல் ஒரு மாதமாக, ஓய்வு பெற்ற கணக்கன் செய்யக்கூடிய உருப்படியான வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு, இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். முடிவு அவள் பக்கம்தான்.

நாம் கண்ட டைரனோசாரஸ், கோயில் வாசலில் தொந்தியோடு நிற்கும் தர்மகர்த்தாவைப் போல நிமிர்ந்து நின்று, வாலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. அப்படி வாலை இழுத்தபடி நடந்திருந்தால் பாறையில் பதிந்த காலடித் தடங்களுக்கு நடுவே வால் கோடும் விழுந்திருக்க வேண்டும்; அத்தகைய கோடுகள் மிக அரிது. பெல்ஜியத்தில் 1878இல் நிலக்கரிச் சுரங்கத்தில் கூட்டமாகக் கிடைத்த இகுவானடான்களைக் கங்காருவைப்போல நிமிர்த்தி நிறுத்தினார்கள். அந்த நிலையில் வால் வளைய வேண்டுமென்றால் அதை உடைத்தாக வேண்டும் என்று நூறாண்டு கழித்து ஒருவர் காட்டினார். உண்மையில் வால் ஒரு துலாக்கோலின் மறுபக்கம். முன்னால் தலையும் மார்பும் கனக்க, பின்னால் வால் நேராக நீண்டு சமன் செய்தது. 1964இல் மோன்டானாவில் ஜான் ஆஸ்ட்ரம் கண்டெடுத்த டெய்னோனிகஸ் என்ற சிறிய வேட்டைப் பிராணி இந்தக் கதையைத் திருப்பிப்போட்டது. 1969இல் அதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தபோது, அவருடைய மாணவர் ராபர்ட் பாக்கர் அதை ஓடுவதாகவே வரைந்தார். நாம் அந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தது 1974இல். அதாவது நாம் அண்ணாந்து பார்த்த படங்கள் காலாவதியாகி அப்போதே ஐந்தாண்டு. கடல் கடந்து நம் பள்ளிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

சதுப்பில் நின்ற பிரான்டோசாரஸும் தப்பு. அவ்வளவு ஆழத்தில் உடல் மூழ்கினால் நீரின் அழுத்தத்தில் நுரையீரல் விரியாது என்று 1951லேயே ஒருவர் எழுதிவிட்டார். "எருமை மாதிரி சுகமாகக் கிடக்கிறது" என்று நீ சொன்னாய்; எருமைக்குப் பொருந்தும். ஆனால் நிறத்தில் நீ பாதி ஜெயித்துவிட்டாய் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். உன்னிடம் சிவப்பு வண்ணக்குச்சி ஒன்றுதான் இருந்தது என்பதற்காக எல்லா டைனோசரும் சிவப்பு என்று நீ வாதாடினாய் அல்லவா? சீனாவில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் இறகு இழைகளில் எஞ்சியிருந்த நிறமிப் பொதிகளை வைத்து, அதன் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் இருந்தன என்று 2010இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆம், இறகு. அதை இன்னும் என்னால் முழுமனதாக ஏற்க முடியவில்லை.

இருந்தாலும் அந்த ஓவியர்களைப் பேத்தி சிரிப்பதுபோல் என்னால் சிரிக்க முடியவில்லை. சாலிங்கருக்கு முந்திய சார்ல்ஸ் நைட் சிறுவயதில் கல்லடி பட்டு ஒரு கண் கெட்டவர். மற்றதிலும் பார்வைக் கோளாறு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, 1897லேயே இரண்டு வேட்டை டைனோசர்கள் ஒன்றின் மேல் ஒன்று பாய்வதாக வரைந்துவிட்டார். சோம்பேறிப் பல்லிகள் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் அழுத்தமாக ஊன்றியது. இவர்கள் கற்பனையில் கிறுக்கியவர்கள் அல்லர். அன்று கையிலிருந்த எலும்பைப் பார்த்து, அன்றைய அறிஞர்கள் சொன்னதைக் கேட்டு வரைந்தவர்கள். எலும்பே இல்லாமற் போனால் வரைந்த கோடுதான் சாட்சி. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில், என் தாத்தா கப்பலேறக் கிளம்பிய உடையார்பாளையத்திலிருந்து அதிகத் தூரமில்லாத இடத்தில், ஒரு மாபெரும் டைனோசரின் எலும்புகள் கிடைத்து, 1987இல் அதற்குப் பிருகத்காயசாரஸ் என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள ஓர் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் என்கிறார்கள். அந்த எலும்புகள் இன்று இல்லை, நொறுங்கிப்போயின. மிஞ்சியவை சில கோட்டோவியங்களும் ஒளிப்படங்களும் மட்டுமே. நம் மலேசியாவின் முதல் பங்கு என்னவென்றால், மலாயாப் பல்கலைக்கழகம் 2014இல் அறிவித்த, பகாங்கில் கிடைத்த ஒரு பல். ஓர் அங்குலம்கூட இல்லை. பேத்திக்கு இதில் பெரிய ஏமாற்றம்.

சேகர், நான் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். இன்னும் ஒரே ஒரு பிராணி, பிறகு சொல்லிவிடுகிறேன். 1923இல் கோபிப் பாலைவனத்தில் ஒரு முட்டைக் குவியலின் மேல் ஒரு சிறு டைனோசரின் எலும்புக்கூடு கிடைத்தது. முட்டைகள் வேறோர் இனத்துடையவை, இது திருட வந்து செத்தது என்று முடிவு கட்டி, மறு ஆண்டு அதற்கு ஓவிராப்டர், அதாவது முட்டைத் திருடன் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த ஆஸ்பார்னே, இந்தப் பெயர் அதன் குணத்தைத் தவறாகக் காட்டக்கூடும் என்று அதே கட்டுரையில் எழுதினார். அதை யார் படித்தார்கள்? படப் புத்தகங்களில் அது முட்டையைக் கவ்விக்கொண்டு ஓடியபடியே இருந்தது. 1993இல் அதே மாதிரி முட்டை ஒன்றினுள் கருவைக் கண்டார்கள். அது ஓவிராப்டரின் உறவுக்காரக் குஞ்சு. அடுத்தவன் முட்டையைத் திருட வந்ததாகச் சொன்னதெல்லாம் பொய். தன் முட்டைகளோடு கிடந்தது என்றே இப்போது கருதுகிறார்கள். எழுபது ஆண்டு சுமந்த பழி. ஆனால் முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்பது அவர்களுடைய விதி. திருடன் என்ற பெயர் அப்படியே நிற்கிறது.

இப்போது சொல்கிறேன். அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது, அவள் தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த தமிழ் நேசன் தாளுக்குக் கீழே ஒரு பக்கம் இருந்தது. டைரனோசாரஸ் பக்கம். நம் பள்ளி முத்திரை பாதி, நூல் தையலில் பிய்ந்த ஓரம், எல்லாம் அப்படியே. கீழ்த்தாடைக்கு அடியில் விரலால் தடவினால் பென்சில் பள்ளம் தட்டுப்படுகிறது. பற்கள் இருக்கும் இடத்தில் தாள் கிழிந்து ஓட்டை. அன்று எண்ணெய்த் தாளை மேலே வைத்து நகல் எடுக்கப் பார்த்தேன், அழுத்திவிட்டேன். ஓட்டையைப் பார்த்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஓட்டையை மறைக்க முழுப் பக்கத்தையும் கிழித்தேன். புத்தகத்தை ஒன்றும் நடவாததுபோல் திருப்பிக் கொடுத்தேன். எனக்குப் பின் அதை எடுத்தவன் நீ. பேரேட்டில் கடைசிப் பெயர் உன்னுடையது.

உனக்கு மூன்று ரோத்தான் பிரம்படி. நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து எண்ணினேன். மறுநாள் உன் அப்பா துறைமுகத்திலிருந்து வேலைச் சட்டையோடு வந்து, தலைமையாசிரியர் மேசையின் மேல் 12 வெள்ளியை ஒவ்வொன்றாக வைத்ததையும் பார்த்தேன். அவர் உன்னை அடிக்கவில்லை. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து நீ "கிழிசல்". நேற்றுகூட நம் வாட்ஸ்அப் குழுவில் உன் பிறந்தநாளுக்கு நானும்தான் "வாழ்க கிழிசல்" என்று எழுதினேன். 51 ஆண்டுகள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. நான் அதை வைத்தது என் கணக்குப் புத்தகத்தினுள், பெட்டிக்கு மாற்றியவள் அவள்தான். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன். 12 வெள்ளிக்கு வட்டி போட்டுப் பார்த்தேன், கணக்கன் புத்தி. உன் அப்பா இல்லாத வீட்டுக்கு அதை எந்த முகத்தோடு அனுப்புவது? பக்கத்தையும் அஞ்சலில் அனுப்பவில்லை. மடித்தால் உடைந்துவிடும்.

பிராந்தி சார் புக்கிட் மெர்தாஜமில் மகனோடு இருக்கிறார். காது கேட்கவில்லை, நினைவு மட்டும் கத்திபோல இருக்கிறது, போன தீபாவளிக்குப் போனபோதுகூட உன் பெயரைச் சொன்னதும் "அந்தக் கிழிசல் பையனா?" என்று சிரித்தார். அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும், நீ பக்கத்தில் இருக்கும்போது. அடுத்த மாதம் பள்ளி விடுமுறை இருந்தால் ரயிலில் பட்டர்வொர்த் வரை வா. நான் நிலையத்தில் நிற்கிறேன். வர விருப்பமில்லையென்றால் அதையும் எழுது. பேத்தி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். முதலில் வாலைத்தான் சொன்னாள், பிறகு, "இதை யார் கிழித்தது?" என்றாள். நீ வந்த பிறகு சொல்வதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உன்
மணியம்