ஜிரோந்த் ஓர் ஆறல்ல: தமிழ் நிலப்பட நூல் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் தென்மேற்குக் கரையிலுள்ள ஒரே ஒரு பெயரைப் பற்றி முறையிடவே இம்மடல். போர்தோ நகரம் ஜிரோந்த் ஆற்றங்கரையில் இருப்பதாகத் தமிழில் எழுதப்படுவதைக் கண்டிருக்கிறேன். அந்நகரம் இருப்பது கரோன் ஆற்றின் கரையில். ஜிரோந்த் என்ற பெயரில் மலையில் பிறந்து வரும் ஆறு அங்கே எதுவும் இல்லை.

பிரனீசு மலையிலிருந்து இறங்கும் கரோனும், நடுப் பிரான்சின் மேட்டுநிலத்தில் பிறக்கும் தொர்தோஞ் ஆறும், போர்தோவுக்கு வடக்கே பெக் தாம்பெஸ் என்னும் நிலமுனையில் கூடுகின்றன. பெக் என்றால் பறவையின் அலகு. இரு நீருக்கும் நடுவே ஒடுங்கி நீளும் அந்த நிலத்தைப் படத்தில் பார்த்தாலே பெயரின் பொருத்தம் விளங்கிவிடும். அவ்விடத்தோடு இரண்டு ஆறுகளின் பெயரும் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கடல்வரை ஏறத்தாழ 75 கி.மீ. நீண்டு, சில இடங்களில் 12 கி.மீ. வரை அகன்று, கடலோதம் ஏறி இறங்குவதால் எப்போதும் சேறு கலங்கிப் பழுப்பேறிக் கிடக்கும் நீர்ப்பரப்புக்குத்தான் ஜிரோந்த் என்று பெயர். மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய பொங்குமுகம், அதாவது கடலோதம் உள்ளேறும் அகன்ற ஆற்றுவாய், அது. (கழிமுகம் என்று எழுதினால் டெல்டா என்று கொள்வோரும் இருப்பதால், பொங்குமுகம் என்பதே நல்லது.) அதன் வாயில், அலைகளுக்கு நடுவே, 1611இல் கட்டி முடிக்கப்பட்ட கோர்துவான் கலங்கரை விளக்கம் நிற்கிறது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், 1790இல் உருவான மாவட்டத்துக்கும் இந்த நீரின் பெயரே சூட்டப்பட்டதுதான். அம்மாவட்டத்துப் பிரதிநிதிகள் பலர் இருந்ததால் ஜிரோந்தியர் என்று அழைக்கப்பட்ட அரசியல் அணி, பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே, 1793இல் வீழ்ந்தபோது, பெயரும் குற்றவாளியாயிற்று. 1795 வரை மாவட்டம் பெக் தாம்பெஸ் என்றே வழங்கியது. ஒரு நிலமுனைக்குக் கிடைத்த குறுகிய காலப் பதவி என்றுதான் சொல்ல வேண்டும்.

மாவட்டமும் நீரும் ஒரே எல்லை கொண்டவை அல்ல என்பதையும் கருத வேண்டுகிறேன். பொங்குமுகத்தின் வடகரையில், கடலை ஒட்டிய பகுதி ஷராந்த் மரித்தீம் மாவட்டத்தைச் சேர்ந்தது. மொர்தாஞ் சூர் ஜிரோந்த் என்ற ஊர் தன் பெயரில் ஜிரோந்தைச் சுமந்தபடி அந்த மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 'சூர் ஜிரோந்த்' என்பது நீரைக் குறிக்கிறதே தவிர மாவட்டத்தை அன்று. அந்த மாவட்டத்துக்கும் 1941 வரை ஷராந்த் அன்ஃபேரியர், அதாவது கீழ் ஷராந்த், என்று பெயர். ஆற்றின் கீழ்ப்போக்கைச் சுட்டிய அச்சொல்லுக்கு 'மட்டமான' என்ற பொருளும் உண்டு.

ஆகவே அடுத்த பதிப்பில் ஜிரோந்த் என்னும் எழுத்துகளைப் பெக் தாம்பெஸ் முனைக்கும் ருவாயான் நகருக்கும் இடைப்பட்ட நீரின்மேல் மட்டும் அச்சிட்டு, போர்தோவின் அருகே கரோன் என்று எழுதுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'கிரோண்டு' என்று எழுதாமல் பிரெஞ்சு ஒலிப்பைப் பின்பற்றவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நிலப்படங்களின் நெடுநாள் வாசகன்