பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் கார் செல்ஃப் எடுக்கவில்லை என்று வேலூரில் கடை ஏறினால், பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "பேட்டரி போய்விட்டது சார், இந்த ஊர் வெயிலுக்குத் தாங்காது" என்பதுதான். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் பேட்டரியின் ஆயுள் குறைவது உண்மையே. ஆனால் அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு, எதையும் அளந்து பாராமலே புதிய பேட்டரியை நம் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்பதே என் முறையீடு.

சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு நாள்தோறும் பழைய டீசல் காரில் போய்வருபவன் நான். கடந்த கோடையில் ஒரு கடையின் சொல்லை நம்பிப் பேட்டரி மாற்றினேன். மூன்று மாதம் கழிவதற்குள் இன்ஜின் மறுபடியும் இழுத்து இழுத்துச் சுற்றத் தொடங்கியது. வேறொரு கடையில் 'டைனமோ' சார்ஜ் ஏற்றவில்லை என்று சொல்லி அதற்கும் விலை பேசினார்கள். (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் நம் மெக்கானிக்குகளுக்கு அது இன்னும் டைனமோதான்.) சார்ஜ் ஏறாவிட்டால் எரிய வேண்டிய சிவப்பு பேட்டரி விளக்கு, வண்டி ஓடும்போது டேஷ்போர்டில் எரிகிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது ஒருநாளும் எரிந்ததில்லை.

பிறகு காட்பாடியில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர், பானட்டைத் திறந்ததும் மல்டிமீட்டரைத்தான் கையில் எடுத்தார். இரவு முழுவதும் நின்றிருந்த வண்டியில் பேட்டரி 12.2 வோல்ட் காட்டியது. முழுச் சார்ஜில் ஏறத்தாழ 12.6 இருக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஏசி புளோயரையும் போட்டு அளந்தபோது, ஆல்டர்நேட்டரில் 14.3 இருந்தது, பேட்டரி முனையில் 13.5தான் வந்தது. உற்பத்தியில் குறையில்லை, வழியில்தான் 0.8 வோல்ட் தொலைகிறது. பாசிட்டிவ் ஒயரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார், இழப்பு 0.1. ஆல்டர்நேட்டரின் உடலிலும் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தபோது 0.7 என்று காட்டியது. "எர்த்" என்றார், அவ்வளவுதான். இன்ஜினையும் பாடியையும் இணைத்து, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வழிவிடும் எர்த் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பாதி இழைகள் அறுந்து, மீதி பச்சை பூத்துக் கிடந்தன. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் பெருமின்னோட்டமும் அதே பட்டை வழியாகவே திரும்ப வேண்டியிருப்பதால், பேட்டரி நன்றாக இருந்தபோதும் இன்ஜின் முனகியிருக்கிறது. பட்டையை மாற்றியதற்கு ஆன செலவு, பேட்டரி விலைக்குப் பக்கத்திலேயே வராது.

இதில் கவலைக்குரிய பழக்கம் இன்னொன்றும் உண்டு. சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது இன்றும் சில இடங்களில் நடக்கிறது. பழைய டைனமோ காலத்தில் அது எப்படியோ போயிருக்கலாம். இன்றைய வண்டியில் பேட்டரி விலகிய கணத்தில் வோல்டேஜ் எகிறி, ஆல்டர்நேட்டரின் டயோடுகளையும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவையும் சுட்டுவிடக்கூடும். நான் கேட்ட இரண்டாவது கடையில் என் வண்டிக்கும் அதைச் செய்யத்தான் ஸ்பானரோடு வந்தார்கள், தடுத்துவிட்டேன்.

அதே நேரத்தில், மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதவும் முடியாது. சாதாரண வண்டியில் இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருப்பது சரி. புதிய கார்கள் பலவற்றில் சார்ஜிங்கை இசியுவே கட்டுப்படுத்துவதால், பேட்டரி நிறைந்திருக்கையில் அதற்குக் கீழே இறங்குவதும் இயல்பே. ஓட்டத்தில் எல்லாம் சரியாக இருந்தும் நிறுத்திய வண்டி இரண்டு நாளில் டவுன் ஆனால், பூட்டியபின் எங்கோ மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்; வண்டியின் கருவிகள் எல்லாம் அடங்கியபின் 50 மில்லி ஆம்பியருக்குமேல் ஓடினால் சந்தேகப்படலாம்.

ஆகவே பேட்டரி விற்கும் கடைகள் நின்ற நிலை வோல்டேஜ், ஓடும் நிலை வோல்டேஜ், எர்த் பக்க இழப்பு ஆகிய மூன்றையும் பில்லிலேயே குறித்துத் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பத்து நிமிட வேலை அது. அப்படி எழுதித் தந்திருந்தால், நல்ல நிலையில் இருந்திருக்கக்கூடிய என் முதல் பேட்டரியைப் பழைய ஈயத்தின் விலைக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.